நாலாயிரம் பங்கும் நாலு தறியும்

திருத்தணி
18-8-1985

மச்சான் நாகராஜனுக்கு,

பாவா வீரபத்திரன் எழுதுவது. இங்கே உன் அக்கா வரலட்சுமி, மகள் வசந்தி, நான், நாலு பவர்லூம், எல்லோரும் ஓடிக்கொண்டிருக்கிறோம். மெட்ராஸ் மெஸ் சாப்பாட்டில் நீ இளைத்துப் போயிருப்பாய் என்று உன் அக்காவுக்குக் கவலை. ஆடிக் கிருத்திகைக்கு வந்தபோது உன் தொப்பையைப் பார்த்தவன் நான். அவளிடம் சொல்லவில்லை.

ரிஜிஸ்தர் தபால் வந்து சேர்ந்தது. சித்திரையில் நீ நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேனே, அந்தப் பத்திரங்கள் இப்போது என் பெயருக்கு மாறி வந்திருக்கின்றன. கீழ்மலைத் தேயிலைக் கம்பெனியில் நாலாயிரம் பங்கு. தேயிலைச் செடி உயரமா குட்டையா என்றுகூடத் தெரியாதவன் தோட்ட முதலாளி ஆகிவிட்டேன். அடுத்த தெரு கண்ணையன் பார்த்துவிட்டு, "இன்னா முதலாளி, எஸ்டேட்டுக்கு எப்ப போறீங்க?" என்று கேட்டான். கேலி பண்ணியவன் சாயங்காலமே வந்து தனக்கும் ஆயிரம் வாங்கித் தரச் சொல்கிறான். அவன் மகனுக்குப் பட்டறை வைக்கச் சேர்த்த பணமாம். பார்த்துச் செய்.

ஒன்றை மட்டும் மறக்காதே. இதில் போட்டது என் பணம் இல்லை. அரக்கோணம் நூல் மில் பஞ்சாட்சரத்துக்குக் கட்ட வேண்டிய நூல் பாக்கி. நாலு தறியையும் அவருக்கு ஈடாக எழுதி வைத்துத்தான் நூல் எடுக்கிறேன். தை வரைக்கும் தவணை கேட்டிருக்கிறேன். "ரெண்டு ரூபா பங்கு பாவா, கீழே விழ அதுக்கு இடமே இல்ல" என்று நீ சொன்ன ஒரே வார்த்தைக்காகப் போட்டது.

வீரபத்திரன்


சென்னை
6-11-1985

அன்புள்ள பாவாவுக்கு,

நமஸ்காரம். வரும் தீபாவளிக்கு வர முடியாது, அக்கா கோபப்படுவாள். புரோக்கர் ஆபீசில் குமாஸ்தாவாக இருப்பவனுக்கு இந்த வருஷம் மூச்சு விட நேரமில்லை. வாத்தியார், டாக்டர், சினிமா கொட்டகைக்காரர் எல்லோரும் பங்கு வாங்க வரிசையில் நிற்கிறார்கள்.

நல்ல செய்தி. நம் கீழ்மலை இன்று ஆறே கால் ரூபாய். படித்துவிட்டுக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள், காரணம் சொல்கிறேன். நம் கம்பெனியில் தேயிலை எடுத்துப் பல வருஷம் ஆகிறது. தோட்டம் காடாகக் கிடக்கிறது. ஆனால் சந்தையில் பங்கு விற்கும் உரிமை மட்டும் உயிரோடு இருக்கிறது. ஒரு தனியார் மில் முதலாளி அந்த உரிமைக்காகத்தான் வருகிறார். புதிதாகச் சந்தைக்கு வர வேண்டுமானால் கணக்கைக் காட்டு, லாபத்தைக் காட்டு என்று குடைவார்கள். இப்படி வந்தால் அந்தத் தொல்லை குறைவு. பேப்பரில் நம் தேயிலைக் கம்பெனி அவர் மில்லை வாங்கியதாக இருக்கும். நிஜத்தில் அவர்தான் உள்ளே வந்து உட்காருவார். பிறகு கம்பெனி பெயரையும் மாற்றிவிடுவார். வருகிறவர் யார் என்று எங்கள் முதலாளிக்கே இன்னும் தெரியாது.

இணைப்பு அறிவித்ததும் விலை இருபதைத் தாண்டும் என்கிறார்கள். அதுவரை விற்க வேண்டாம். நானும் என் சேமிப்பை எல்லாம் எடுத்து இதிலேயே போட்டிருக்கிறேன். கண்ணையன் அண்ணனுக்கு மூன்றரை ரூபாயில் வாங்கினேன், அவருக்கே இப்போது லாபம்தான்.

உங்கள்
நாகராஜன்


திருத்தணி
22-12-1985

நாகராஜா,

உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். ஆனால் படித்துக் காட்டியபோது உன் அக்கா ஒன்று கேட்டாள். "செத்த கம்பெனியோட சட்டைய மாட்டிக்கினு வர்றவன், உள்ள இருக்கற நம்மள இன்னா பண்ணுவான்?" எனக்குப் பதில் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

பஞ்சாட்சரத்தின் ஆள் போன வாரம் வந்து நாலு தறியையும் சுற்றிப் பார்த்தான். மோட்டாரில் கை வைத்துப் பார்த்தான். "தை பொறந்தா முதலாளி பொறுக்க மாட்டாரு" என்றான். இந்த ஆளுக்குத் தறியைப் பற்றி என்ன தெரியும் என்று பார்த்தால், ஒவ்வொன்றின் நம்பரையும் குறித்துக்கொண்டு போனான்.

விலை பதினொன்று என்று பேப்பரில் பார்த்தேன். இருபது வேண்டாம். நான் ஆசைப்பட்டது போதும். எல்லாவற்றையும் விற்றுவிடு. நீ கொடுத்துவிட்டுப் போன விற்பனைப் படிவங்களில் கையெழுத்துப் போட்டுப் பத்திரங்களோடு இணைத்திருக்கிறேன். கண்ணையனுடையதும் இதிலேயே இருக்கிறது. பணம் வந்தால் நூல் பாக்கி தீர்ந்து, தறி என் பெயருக்குத் திரும்பி, மீதியில் ஐந்தாவது தறிகூடப் போடலாம். வசந்தி அதற்கு இப்போதே இடம் பார்த்து வைத்திருக்கிறாள். வீட்டுக்குள்தான்.

வீரபத்திரன்


சென்னை
9-1-1986

பாவாவுக்கு,

பதற வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதும்போது எனக்கே பதறுகிறது.

பங்கு பதினொன்றரைக்கு விற்றது உண்மை. ஆனால் வாங்கிய புரோக்கர் பத்திரங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம். பெயர் மாற்றியபோது கம்பெனியில் பதிவான உங்கள் கையெழுத்து தெலுங்கில் இருக்கிறது. இப்போது விற்க அனுப்பியதில் தமிழில் போட்டிருக்கிறீர்கள். கண்ணையன் அண்ணனுடையதும் அப்படியே. முதலாளி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "என்னய்யா, ஊரே ரெண்டு ரெண்டு ஆளா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அனுப்புவதற்கு முன் நான் பார்த்திருக்க வேண்டும். தமிழில் படித்தவன், தமிழ்க் கையெழுத்து என் கண்ணுக்குத் தப்பாகவே தெரியவில்லை.

புதுப் படிவம் இத்துடன் இருக்கிறது. தெலுங்கில் கையெழுத்துப் போட்டு, பாங்க் மானேஜரிடம் அத்தாட்சி வாங்கி உடனே அனுப்புங்கள். ஒரு நாள்கூடத் தாமதம் வேண்டாம். சந்தையில் நம் பங்கைப் பற்றி ஏதோ முணுமுணுக்கிறார்கள்.

நாகராஜன்


திருத்தணி
27-1-1986

நாகராஜா,

எனக்கு இரண்டு கையெழுத்து இருக்கிறது என்பது நாற்பத்தைந்து வயது வரை எனக்கே தெரியாது. நான் படித்த காலத்தில் திருத்தணி ஆந்திராவில், சித்தூர் ஜில்லா. பள்ளிக்கூடம் தெலுங்கு. நிலம், வீடு, பத்திரம் என்று எதை வாங்கினாலும் அப்பா போட்ட மாதிரியே தெலுங்கில் போட்டுப் பழக்கம். ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகு வந்தது நெசவாளர் சொசைட்டி. அங்கே சரக்குப் போட்டால் தமிழில் கையெழுத்து. அதனால் வாங்க உட்கார்ந்தால் ஒரு கை, விற்க உட்கார்ந்தால் இன்னொரு கை. யோசித்துப் போடுவதில்லை, தானாக வருகிறது. என் வயசில் இந்தத் தெருவில் எல்லோருக்கும் அப்படித்தான்.

பாங்குக்குப் போனேன். மானேஜர் என் கணக்கை எடுத்துப் பார்த்தார். அங்கே தமிழ். "தெலுங்குல நீங்க போட்டதா எங்களுக்குத் தெரியாதே, நான் எப்படி அத்தாட்சி தர முடியும்?" என்றார். அவர் சொல்வதும் நியாயமாகத்தான் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். அப்புறம் வக்கீல், முத்திரைத்தாள், நோட்டரி. வீரபத்திரனும் வீரபத்திரனும் ஒரே ஆள்தான் என்று சத்தியம் பண்ணி, நடுவில் பொங்கல் லீவு, குடியரசு தின லீவு எல்லாம் போய், இன்றுதான் கையில் கிடைத்தது. கண்ணையனும் அவனும் ஒரே ஆள்தான், அதுவும் இணைத்திருக்கிறேன்.

தை பிறந்து பாதி போய்விட்டது. பஞ்சாட்சரத்திடம் நேரில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மாசி முதல் வாரம் வரை பார்க்கிறேன் என்றார். காபி கொடுத்தார். அவர் காபி கொடுத்தது எனக்குப் பிடிக்கவில்லை.

விற்றதும் தந்தி கொடு.

வீரபத்திரன்


சென்னை
3-2-1986

பாவா,

தந்தி கொடுக்காததிலேயே உங்களுக்குப் புரிந்திருக்கும்.

உங்கள் தபால் முப்பதாம் தேதி மதியம் வந்தது. அன்று காலையில்தான் சந்தைப் பலகையில் நோட்டீஸ் ஒட்டினார்கள். கீழ்மலைப் பங்கில் வியாபாரம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. இணைப்பு விவரம் முழுவதும் வெளியாகும் வரை யாரும் வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது. வாங்குகிறவர்கள் ஏமாறக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடாம். ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் உள்ளே அடைபட்டுவிட்டோம். கடைசி விலை பன்னிரண்டு ரூபாய் பலகையில் அப்படியே நிற்கிறது. அந்த விலைக்கு வாங்கத்தான் ஆள் இல்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். வருகிற மில் யாருடையது என்று தெரிந்துவிட்டது. அரக்கோணம் பஞ்சாட்சரம். நம் நாற்பது பங்கை எடுத்துக்கொண்டு புதுப் பங்கு ஒன்று கொடுப்பார்களாம். அவருக்கு மட்டும் லட்சக்கணக்கில் புதுப் பங்கு. அவர் மில்லின் கடனும் கம்பெனி தலையில் ஏறுகிறது. மில்லைப் பெருக்கப் பணம் தேடித்தான் சந்தைக்கு வருகிறாராம், பழைய பாக்கிகளை வசூலிக்கிற அவசரமும் அதனால்தான் போலிருக்கிறது. அக்கா கேட்ட கேள்விக்கு இப்போது பதில் தெரிகிறது, பாவா.

என் பங்குகளை நோட்டீஸுக்கு முந்தின நாள் விற்றிருக்கலாம். வாசனை தெரிந்து முதலாளியே, "உன்னோடத முதல்ல வெளிய தள்ளுய்யா" என்றார். உங்களை உள்ளே விட்டுவிட்டு நான் மட்டும் வெளியே வர மனசு வரவில்லை. அதனால் எனக்கும் போயிற்று.

மன்னித்துவிடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

நாகராஜன்


திருத்தணி
10-3-1986

நாகராஜனுக்கு,

உன் கடிதத்துக்கு ஒரு மாதம் பதில் எழுதவில்லை. எழுதினால் அதில் என்ன வரும் என்று எனக்கே பயமாக இருந்தது.

முதலில் உன் தியாகத்தைப் பேசுவோம். முட்டாளே, நீ விற்றிருக்க வேண்டும். இந்த வீட்டுப் பணத்தில் கொஞ்சமாவது வெளியே வந்திருக்கும். அதைக் கொண்டு பஞ்சாட்சரத்தின் வாயை இரண்டு மாதம் அடைத்திருக்கலாம். மூழ்குகிறவன் கரையில் ஒரு ஆள் வேண்டும் என்றுதான் கத்துவான். கூட நீயும் குதித்தாய். அதில் உனக்கு ஒரு பெருமை வேறு. எனக்கு உன்மேல் இருக்கிற கோபத்தில் பாதி இதற்குத்தான்.

மாசி இரண்டாம் வாரம் லாரி வந்தது. பஞ்சாட்சரத்தின் ஆள் பழைய சீட்டை எடுத்து நம்பர் படித்தான், ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். தறியில் ஏற்றிய பாவில் துணி பாதி நெய்தபடி இருந்தது. முடித்துத் தருகிறேன், ஒரு நாள் விடுங்கள் என்று கேட்டேன். "மொதலாளி ஆர்டரு, நான் இன்னா பண்ணட்டும்" என்று கத்தரிக்கோல் கேட்டான். உன் அக்காதான் எடுத்து வந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தறியை ஒப்படைத்ததாகக் கையெழுத்து வாங்கினார்கள். தெலுங்கில் போட்டேனா தமிழில் போட்டேனா எனக்கு ஞாபகம் இல்லை. யாரும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கவும் இல்லை. இந்த ஒரு கையெழுத்து மட்டும் உடனே செல்லுபடி ஆகிவிட்டது.

லாரி கிளம்பியபோது ஒன்று தோன்றியது. அந்தக் கம்பெனியில் நானும் பங்குதாரன். என் தறியை நானே ஜப்தி பண்ணிக்கொண்டு போகிறேன். இதைக் கண்ணையனிடம் சொன்னேன், சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவன்தான், அதற்குப் பிறகு எங்கள் தெருப்பக்கம் வருவதில்லை. எதிரே வந்தால் சைக்கிளைத் திருப்பிக்கொள்கிறான். அவன் மகன் பம்பாய்க்கு ரயில் ஏறிவிட்டான். ஆயிரம் பங்கு வாங்கித் தரச் சொல்லி அவனுக்காக உனக்கு எழுதியவன் நான். அந்தப் பாவத்தை உன் தலையில் கட்ட முடியாது, அது என்னுடையது.

உன் அக்கா உன் பெயரைச் சொல்வதில்லை. நீ கடிதம் போட வேண்டாம். வந்தாலும் பிரிக்க மாட்டோம்.

வீரபத்திரன்


சென்னை
8-8-1986

பாவாவுக்கு,

பிரிக்க மாட்டோம் என்று எழுதியிருந்தீர்கள். இருந்தாலும் எழுதுகிறேன். பிரிக்காமல் பெட்டியில் போட்டு வைத்தாலும் போதும்.

கிருத்திகைக்குத் திருத்தணி வந்திருந்தேன். காவடி எடுக்கவில்லை, எதை வேண்டிக்கொண்டு எடுப்பது என்று தெரியவில்லை. கூட்டத்தோடு மலை ஏறி இறங்கினேன். அப்புறம் கால் தானாக நம் தெருவுக்கு வந்துவிட்டது. முன்பெல்லாம் தெருமுனையிலேயே உங்கள் தறிச் சத்தம் காதில் விழும். அதை வைத்துத்தான் இருட்டில்கூட வீட்டைக் கண்டுபிடிப்பேன். அன்று அந்தச் சத்தம் இல்லாமல் வீட்டைத் தாண்டிப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது வாசலில் அக்கா ஊதுவத்திக் குச்சிகளை எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தாள். கூலிக்கு எடுத்திருக்கிறாள் போல. தலை நிமிர்ந்திருந்தால் என்னைப் பார்த்திருப்பாள். நிமிர்வதற்குள் வந்துவிட்டேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, பாவா. அதை வேறு எப்படிச் சொன்னாலும் பொய்.

போன வாரம் தடையை நீக்கினார்கள். கம்பெனிக்குப் புதுப் பெயர், புதுப் பங்கு. உங்கள் நாலாயிரத்துக்கு நூறு பங்கு வரும். முதல் நாள் ஒன்பது ரூபாய்க்குப் போனது, நேற்று ஐந்தரை. ரெண்டு ரூபாய்ப் பங்குக்குக் கீழே விழ இடமில்லை என்று உங்களிடம் சொன்னவன் நான். கணக்குப் போட்டுப் பார்த்தேன், உங்கள் பழைய பங்கு ஒன்று இப்போது பதினைந்து பைசாகூட இல்லை.

எங்கள் ஆபீஸை மூடிவிட்டார்கள். ஒரு ஓட்டலில் கணக்கு எழுதுகிறேன். என் பங்குகளுக்கு வந்த புதுப் பங்கையும் அக்கா பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதற்கு மதிப்பு ஒன்றும் இல்லை. என்னிடம் வேறு இல்லை.

நாகராஜன்


திருத்தணி
21-9-1986

நாகராஜா,

உன் கடிதத்தை நான் பிரிக்கவில்லை. உன் அக்காதான் பிரித்தாள். வசந்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். ஊதுவத்திக் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "வாசல் வரிக்கும் வந்தவன் ஒரு வாய் தண்ணி குட்ச்சிட்டுப் போயிருக்கலாம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அன்று முழுக்க வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

உன் பங்கை அவள் பெயருக்கு மாற்ற வேண்டாம். இந்த வீட்டில் இனி யாரும் எதிலும் பங்குதாரர் ஆக வேண்டாம்.

கம்பெனியிலிருந்து எனக்கும் தபால் வந்திருக்கிறது. வழவழக் காகிதம், எல்லாம் இங்கிலீஷ். வசந்தி எழுத்துக் கூட்டிப் படித்து அர்த்தம் சொன்னாள். மதிப்புக்குரிய பங்குதாரர் அவர்களே என்று ஆரம்பிக்கிறது. வருடாந்திரக் கூட்டம் மெட்ராஸில் ஒரு புதன்கிழமை, தாங்கள் அவசியம் வந்து தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டுமாம். அதே காகிதத்தில், கம்பெனி ஆர்.கே.பேட்டையில் புதிய பவர்லூம் கூடம் தொடங்கியிருக்கிறது என்று பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கூடம் எனக்குத் தெரியும். போன மாதத்திலிருந்து அங்கேதான் கூலிக்கு ஓட்டுகிறேன். டவுன் பஸ்ஸில் போய் வருகிறேன். புதன்கிழமை கூட்டத்துக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும்.

அங்கே போட்டிருக்கிற தறிகளில் என்னுடையது நாலும் இருக்கிறது. பெயிண்ட் அடித்து நம்பரை மாற்றிவிட்டார்கள். இருந்தாலும் மூன்றாவதற்கு இடது பக்கம் ஒரு இழுப்பு உண்டு, கை வைத்ததும் தெரிந்துவிட்டது. மேஸ்திரி என்னை வேறு தறிக்குத்தான் போட்டான். அதையே கொடுங்கள் என்று கேட்க நினைத்தேன். அப்புறம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். எனக்குப் பக்கத்திலேயே யாரோ ஒரு பொதட்டூர்ப்பேட்டைக்காரன் அதை ஓட்டுகிறான். அந்த இழுப்புக்கு நூல் அறும்போதெல்லாம் கெட்ட வார்த்தையில் திட்டுகிறான்.

முதல் வாரக் கூலி வாங்க வரிசையில் நின்றேன். என் பெயர் வந்ததும் பேனா கேட்டேன். கணக்கு எழுதுகிற ஆள் தலை நிமிராமலே, "நீதானே வீரபத்திரன்? உன் கையெழுத்து ரெண்டு மாதிரி வருதாமே, ஆபீசுல பேசிக்கினாங்க. இன்னாத்துக்கு வம்பு, ரேகை வெச்சிட்டுப் போப்பா" என்றான். எனக்கு எழுதத் தெரியும் என்று சொன்னேன். இரண்டு மொழியில் தெரியும் என்றும் சொன்னேன். பின்னால் நிற்கிறவர்கள் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சத்தம் போட்டார்கள். மைப் பெட்டியில் கட்டைவிரலை வைத்து உருட்டினேன். பார்த்துவிட்டு, "ஆங், இது செல்லும்" என்றான்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. உன் அக்காவிடமும் இல்லை. விரலில் மையைப் பார்த்துக் கேட்டாள், தறி எண்ணெய் என்றேன்.

நீ வரலாம். அவள் வாசலில்தான் இருப்பாள். நான் திட்டுவேன், திட்டாமல் இருக்க முடியாது, நின்று கேட்டுக்கொள்.

இந்தக் கடிதத்தின் அடியில் நான் கையெழுத்துப் போடவில்லை. என் எழுத்து உனக்குத் தெரியும்.